விரல் வீக்கம், காலை விறைப்பு: முதல் ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

அம்மாவுக்கு 46 வயதில் வலது கை ஆள்காட்டி விரலின் கணு வீங்கியது. சரியான டாக்டர் முன்னால் போய் உட்காருவதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. நாங்கள் தென்காசிப் பக்கம். அம்மா இருபது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். அதனால் போன இடமெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "கை வேலை பாக்குறவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும்." வலி மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கால்சியம் எழுதினார்கள். இப்போது சரியான மருந்தில் வலியும் வீக்கமும் அடங்கிவிட்டன. ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்தது வளைந்ததுதான். முழுசாக நீட்ட வரவில்லை.

ஊரில் முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் சொல்வதைத்தான் டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிறது. அப்படியே விட்டால் எலும்பை அரிக்கத் தொடங்கும். பலருக்கு இந்த அரிப்பு முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூட்டு வீங்கி, வலியோ விறைப்போ உள்ள ஒருவரை ஆறு வாரத்துக்குள் மூட்டுவாத நிபுணர் (ருமட்டாலஜிஸ்ட்) பார்த்துவிட வேண்டும், வீக்கம் நீடிக்கும் அறிகுறி இருந்தால் மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. எங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போனது. உங்களுக்குத் தெரியட்டும். வீக்கம் கண்ணில் பட்ட நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு மேலே படியுங்கள்.

1. எந்த வகை வலி என்று பிரித்துப் பாருங்கள்

மூட்டுத் தேய்மானமும் இந்த வாதமும் வேறு வேறு. வீட்டிலேயே ஓரளவு பிரித்துவிடலாம்.

முதலில் காலை நேரம். தேய்மானத்தில் எழுந்ததும் பிடிப்பு இருந்தாலும் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி ஏறும், சாயங்காலம் மோசமாக இருக்கும், உட்கார்ந்தால் ஆறும். வாதத்தில் இது தலைகீழ். எழுந்ததும் விரல்கள் மடங்காது. அரைமணி, ஒருமணி, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வேலை தொடங்கிக் கை சூடேறிய பிறகுதான் இளகும். சும்மா இருந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அம்மா விடியற்காலை ஐந்தரைக்குக் கோலம் போடுகிறவள். அது ஆறரை ஆனது, பிறகு எட்டு ஆனது. ஒருநாள் நான் பார்த்தபோது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேராமல், கோலப்பொடியை உள்ளங்கையில் அள்ளி விரலிடுக்கு வழியாக விட்டுக்கொண்டிருந்தாள். கோடு திட்டுத்திட்டாக விழுந்தது. "காலைல விரலு மடங்க மாட்டேங்கு, வெயில் வந்தா சரியாயிரும்" என்றாள். வெயில் வந்ததும் சரியாகத்தான் ஆனது. அதனால்தான் யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது வீக்கம். வலி மட்டும் இருக்கிறதா, கணு உண்மையிலேயே பருத்திருக்கிறதா என்று பாருங்கள். வாத வீக்கம் தொட்டால் மெத்தென்று இருக்கும். கையை மடக்கினால் கணுக்களுக்கு நடுவே தெரியும் பள்ளம் மறைந்துவிடும். மோதிரம் இறுகும், வளையல் ஏறாது. தேய்மானத்தில் விரல் நுனிக்கு அடுத்த கணுவில் கல் மாதிரிக் கெட்டியான முடிச்சு வரும். முடக்குவாதம் பெரும்பாலும் அந்த நுனிக் கணுவை விட்டுவிட்டு, உள்ளங்கையோடு விரல் சேரும் கணு, நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தில் விரல்கள் தொடங்கும் இடம் ஆகியவற்றைப் பிடிக்கும். காலையில் தரையில் கால் ஊன்றும்போது செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் இருக்கிறது என்று சொன்னால் பாதத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு சின்னச் சோதனை. நான்கு விரல்களும் உள்ளங்கையில் சேரும் இடத்தை இரு பக்கமிருந்தும் உங்கள் கையால் மெதுவாகச் சேர்த்து அழுத்துங்கள், கை குலுக்கும்போது அழுத்துகிற அளவுக்கு. பாதத்திலும் அதேபோல் செய்து பாருங்கள். வலியில் கையை இழுத்துக்கொண்டால் அது முக்கியமான அடையாளம். நகராட்சி சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ வேலை பார்க்கும் செவிலியர் யாராவது இதைப் படித்தால், "முட்டு வலிக்கு" என்று வருகிறவர்களுக்கு இதைச் செய்து பாருங்கள். பத்து நொடி வேலை.

இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்தால்தான் வாதம் என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். போகப்போக அப்படி ஆகலாம், ஆனால் ஆரம்பத்தில் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். வயதானவர்களுக்குத்தான் வரும் என்பதும் தவறு. இருபதிலும் வரும், எழுபதிலும் வரும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். காரணமில்லாத அசதி, லேசான காய்ச்சல், எடை குறைவது ஆகியவையும் கூட வரலாம்.

இதே குடும்பத்தில் வேறு வாதங்களும் உண்டு. தலையிலோ முழங்கையிலோ சொரியாசிஸ் (செதில் உதிரும் தோல் நோய்) இருந்து, நகத்தில் குண்டூசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்து, ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை வீங்கினால் அதை டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, படுத்தால் கூடி நடந்தால் குறைகிறது என்றால் அதுவும் இந்தப் பக்கத்து நோய்தான். முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல் ஆகியவற்றோடு மூட்டு வீங்கினாலும் சும்மா விடக் கூடாது.

2. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதவை

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதித்து, அசைக்கவே முடியாமல் போனால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். காய்ச்சல் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும். இரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். வண்டி இல்லையென்றால் 108 இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், மூட்டுக்குள் சமீபத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு மூட்டு வீங்கி நொண்டினால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. காலை ஆறு மணியைப் பிடித்து வையுங்கள்

ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். டாக்டர் உங்களைப் பார்ப்பது காலை பதினொன்றுக்கோ மாலை ஏழுக்கோ. அந்நேரம் கை இளகியிருக்கும். பஸ் பிடித்துப் போவதற்காக நீங்கள் முன்கூட்டியே வலி மாத்திரையும் போட்டிருப்பீர்கள். "கையை மடக்குங்க" என்பார். மடக்கிவிடுவீர்கள். "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, காலை ஆறு மணிக் கையை அவர் பார்த்ததே இல்லை.

அதனால் போவதற்கு முன் ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள்:

எழுந்ததும் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். விரலை மடக்க முயல்வதைப் பதினைந்து நொடி வீடியோ எடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குக் கை முழுசாக மடங்கியது என்று எழுதுங்கள். "ரொம்ப நேரம்" என்று சொன்னால் எடுபடாது. "5.40க்கு எழுந்தேன், 7.15க்குத்தான் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடிந்தது" என்று சொன்னால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

வலி தொடங்கிய நாளுக்கும் ஒரு சாட்சி தேடுங்கள். எங்களுக்கு அது பீடிக்கடை நோட்டில் கிடைத்தது. எத்தனை பீடி ஒப்படைத்தோம் என்று தினமும் அதில் எழுதித் தருவார்கள். ஆகஸ்டு முதல் வாரம் வரை 800 என்று ஒழுங்காக ஓடிய கணக்கு, இரண்டாம் வாரத்தில் 700. செப்டம்பரில் 550. நவம்பரில் 300, சில நாள் வெறும் கோடு. ருமட்டாலஜி டாக்டர் அந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "ஆகஸ்டு இரண்டாம் வாரம்" என்று சீட்டில் எழுதிக்கொண்டார். அதுவரை நாங்கள் எல்லோரிடமும் "தீபாவளிக்கு அப்புறம்" என்று சொல்லிவந்தோம். உங்கள் வீட்டில் அது தறிக் கணக்காக இருக்கலாம், பால் கறக்கும் ஆள் மாறிய நாளாக இருக்கலாம், தையல் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்த நாளாக இருக்கலாம். தேடினால் கிடைக்கும்.

இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத ஊசி போட்டிருந்தால் போட்ட தேதியையாவது எழுதுங்கள்.

4. முதல் டாக்டரிடம் எப்படிச் சொல்வது

ஆரம்ப சுகாதார நிலையமோ பக்கத்துக் கிளினிக்கோ, நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "கை கால் வலி" என்று தொடங்கினால் வலி மாத்திரையோடு முடிந்துவிடும். இந்த வரிசையில் சொல்லுங்கள்: எத்தனை வாரமாக, எந்தெந்தக் கணு வீங்கியிருக்கிறது, காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு. பிறகு, "கணுவை ஒரு தடவை அழுத்திப் பாருங்க டாக்டர், வாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு, ருமட்டாலஜிக்கு எழுதித் தருவீங்களா" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அம்மாவுக்கு நான்காவதாகப் பார்த்த டாக்டர், நாங்கள் இப்படிக் கேட்ட பிறகுதான் அவள் கையைத் தொட்டே பார்த்தார். அடுத்த நிமிடமே கடிதம் எழுதினார்.

முந்தைய மாதங்களில் கடும் காய்ச்சலோடு மூட்டுவலி வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சிக்குன்குனியா விட்டுப்போகும் மூட்டு வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கும், பார்வைக்கு முடக்குவாதம் மாதிரியே இருக்கும். ஆனால் "அது சிக்குன்குனியா வலி, தானா போயிரும்" என்று ஆறு வாரத்துக்கு மேல் வீக்கத்தோடு இருக்கவும் வேண்டாம்.

5. இரத்தப் பரிசோதனை: எது, எவ்வளவு, எங்கே ஏமாறுவோம்

எங்கள் ஊர் லேபில் நாங்கள் கொடுத்த தொகை: இ.எஸ்.ஆர். 100 ரூபாய், சி.ஆர்.பி. 450, ஆர்.ஏ. ஃபேக்டர் 400, ஆன்ட்டி சி.சி.பி. 1,400. முதல் இரண்டும் உடம்பில் வீக்கம் எவ்வளவு என்று காட்டும், அடுத்த இரண்டும் இந்த வாதத்தில் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருட்களைத் தேடும். தொகை ஊருக்கு ஊர் மாறும். அரசு மருத்துவமனையில் முதல் மூன்றும் பெரும்பாலும் இலவசமாகவே எடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ரிப்போர்ட் அன்று மாலையோ மறுநாளோ வரும். ஆன்ட்டி சி.சி.பி.யை வெளியூர் லேபுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று நாள் ஆகும்.

பெரிய குழி எங்கே என்றால், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் வந்தால் முடக்குவாதம் இல்லை என்று நினைப்பதுதான். அம்மாவுக்கு நெகட்டிவ் வந்தது. "ஒண்ணுமில்ல, நிம்மதியா போங்க" என்று அனுப்பினார்கள், நாங்களும் நிம்மதியாகப் போனோம். அந்த நிம்மதியில் மூன்று மாதம் போனது. நோய் உறுதியானவர்களிலேயே நூறில் இருபது முப்பது பேருக்கு இது நெகட்டிவாகத்தான் இருக்கும். ஆரம்ப மாதங்களில் நெகட்டிவ் வருவது இன்னும் அதிகம். மறுபக்கம், நோயே இல்லாத வயதானவர்களுக்கும், காசநோய், ஹெபடைட்டிஸ் சி (கல்லீரல் தொற்று) உள்ளவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் நார்மலாக இருந்தாலும் வாதம் இருக்கலாம். ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும், விரல் வீங்கி, காலையில் விறைத்தால் நிபுணரிடம் போயே ஆக வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் இதைக் குடும்ப மருத்துவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆன்ட்டி சி.சி.பி. பாசிட்டிவாக வந்தால் முடக்குவாதமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அம்மாவுக்கு அதுதான் காட்டிக்கொடுத்தது. நெகட்டிவ் என்றால் அதுவும் விடுதலைச் சீட்டு ஆகாது.

ஏ.எஸ்.ஓ. என்று ஒரு டெஸ்ட் எடுத்து, கூடுதலாக இருக்கிறது என்று பென்சிலின் ஊசி தொடங்குவதைப் பெரியவர்களிடம் பார்க்கிறேன். அது முன்பு தொண்டைக் கிருமி வந்து போனதைக் காட்டுவது. அந்தக் கிருமிக்குப் பின்னால் வரும் மூட்டுக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. யூரிக் ஆசிட் சற்றுக் கூடுதலாக இருந்தாலே கவுட் (மூட்டில் யூரிக் ஆசிட் படிந்து வரும் வாதம்) ஆகிவிடாது, கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது அது நார்மலாகக் காட்டவும் கூடும்.

எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எலும்பு அரிப்பு தெரிகிறது என்றால் சேதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். பிற்பாடு ஒப்பிடுவதற்காக இரண்டு கை, இரண்டு பாதம் எடுத்து வைப்பார்கள். அந்தப் படங்களை வளைக்காமல் பத்திரமாக வையுங்கள்.

6. யாரிடம், எங்கே, என்னென்ன கொண்டு

எல்லோரும் முதலில் எலும்பு டாக்டரிடம் ஓடுகிறோம். எலும்பு முறிவு, மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியவை அவர்கள் துறை. இந்த வாதத்துக்கு மருந்து கொடுத்து வருஷக்கணக்கில் பின்தொடர்பவர் ருமட்டாலஜிஸ்ட். போர்டில் "மூட்டு, தசை, வாதநோய் நிபுணர்" என்று இருக்கும். டி.எம். ருமட்டாலஜி அல்லது கிளினிக்கல் இம்யூனாலஜி படித்தவரா என்று பாருங்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. மற்ற ஊர்களில் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் விசாரணைக் கவுண்டரில், "ருமட்டாலஜி ஓ.பி. உண்டா, எந்தக் கிழமை" என்று போனிலோ நேரிலோ முதலில் கேளுங்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் இருக்கலாம். நாங்கள் கேட்காமல் போய் ஒருநாள் கூலியும் இரண்டு பேர் பஸ் செலவும் விட்டோம். தனிப் பிரிவு இல்லையென்றால் பொது மருத்துவத்தில் காட்டுங்கள், அவர்களும் மருந்து தொடங்குவார்கள். காலை ஏழரைக்குச் சீட்டு வரிசையில் நின்றுவிடுவது நல்லது. தனியார் என்றால் எங்களுக்கு மதுரையில் பார்வைக் கட்டணம் 700 ரூபாய், நேரம் கிடைக்கப் பத்து நாள். அதனால் டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல், பரிசோதனைக்குக் கொடுக்கும் அன்றே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: பரிந்துரைக் கடிதம், எல்லா ரிப்போர்ட்டும் தேதி வரிசையில், மாத்திரை அட்டைகள், போனில் காலைப் படங்கள், ஆதார், ரேஷன் கார்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வெளிநோயாளி மாத்திரைச் செலவுக்கு இது உதவும் என்று நம்பி இருக்காதீர்கள். படுக்கையில் சேர்க்க நேர்ந்தாலோ பெரிய சிகிச்சை தேவைப்பட்டாலோதான் கைகொடுக்கும். எது அடங்கும் என்று மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

7. நிபுணரைப் பார்க்கும்வரை எதைத் தொடக் கூடாது

ஸ்டீராய்டு. மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுத்தால் இரண்டே நாளில் கை பூ மாதிரி ஆகிவிடும். நோய் மறைந்து நிற்கும், நிபுணர் பார்க்கும்போது வீக்கமே இருக்காது. கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். டாக்டர் ஒருவர் காரணத்தோடு குறுகிய காலத்துக்கு எழுதுவது வேறு. பெயர் ஒட்டாத டப்பாவில், காகிதப் பொட்டலத்தில் தரும் பொடியும் உருண்டையும்தான் பயம். அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும், முகம் உப்பும். ஏற்கெனவே அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. டப்பாவையே டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வலியைக் குறைக்கும், எலும்பு அரிப்பதை நிறுத்தாது. கடையில் கேட்டு வாங்கித் தினமும் போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு வரும். அல்சர், பிரஷர், கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

8. மருந்து தொடங்கும் நாள்

பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்ஸேட். இதில் ஒரே ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்: வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு. ஃபோலிக் ஆசிட் மாத்திரை துணைக்கு வரும், அது வேறு கிழமையில். இரண்டும் மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

தொடங்கும் முன் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்ப்பார்கள். முதல் சில மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மது கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கருவைப் பாதிக்கும் மருந்து இது. அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. இந்த வாதத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதினால் கண் பரிசோதனை ஒன்று தொடக்கத்திலேயே செய்து வையுங்கள்.

மாத்திரை விலை பயப்படும் அளவுக்கு இல்லை. அம்மாவுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 500 ரூபாய்க்குள் வருகிறது. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் இன்னும் குறையும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம் "ஒண்ணும் கேக்கல" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவும் நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தாதீர்கள். ஆனால் காய்ச்சல், வாய்ப்புண், புதிதாக வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். வேறு நோய்க்கு எங்கே போனாலும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை இதோடு சேரவே கூடாது.

ஒவ்வொரு பார்வைக்கும் அந்தக் காலை நேரக் குறிப்பைத் தொடர்ந்து எழுதிக் கொண்டு போங்கள், மருந்து அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் அதைப் பார்த்தும் முடிவு செய்கிறார். அம்மாவின் குறிப்பு பன்னிரண்டாவது வாரத்தில் பத்து நிமிடத்துக்கு வந்தது. கூடவே பீடிக்கடை நோட்டையும் எடுத்துப் போகிறோம். போன மாதக் கணக்கு 600.